கவிழ்த்துப் பார்க்க வேண்டிய நாற்காலிகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடைக்குள் நுழைந்தால் முதலில் கால் வைக்க இடம் தேட வேண்டும். தரையெங்கும் பித்தளை அண்டாக்கள். அண்டாவுக்குள் கரண்டிகள், கரண்டிகளுக்கு நடுவே பூட்டுகள், எந்தப் பூட்டோடும் சேராத சாவிக்கொத்துகள். சுவரில் ரவிவர்மா படங்கள் சட்டத்தோடு சட்டம் இடித்துக்கொண்டு தொங்கும். உத்தரத்தில் அரிக்கேன் விளக்கும் தொட்டில் சங்கிலியும். பின்கட்டுக்குப் போனால் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிய நாற்காலிகள், கதவில்லாத அலமாரிகள், அலமாரி இல்லாத கதவுகள்.

புதிதாக வருகிறவர்கள் வாசலில் நிற்கும் செதுக்குத் தூணிலும் யாளி முகத்திலும் மயங்கிவிடுகிறார்கள். அதிக விலையும் அவற்றுக்குத்தான். எனக்கு அவற்றில் ஈர்ப்பில்லை. வேலை செய்த பொருள்கள்தான் இந்தத் தெருவின் உயர்ந்த சரக்கு என்பது என் உறுதியான எண்ணம். கணக்கு எழுதிய மேசை, ஒரு குடும்பம் மாறி மாறிச் சாய்ந்த பிரம்பு நாற்காலி, உப்பும் ஊறுகாயும் போட்டு வைத்த மரவை, ஊர் ஊராகப் போன எனாமல் தூக்கு, நாள்தோறும் கட்டிய பருத்திச் சேலை. இவற்றைச் செய்தவர்கள் அழகை விட உழைப்பைக் கருதிச் செய்தார்கள். அதனால்தான் இன்று வாங்கி வீட்டில் வைத்தாலும் இவை மறுபடி வேலைக்கு வந்துவிடுகின்றன.

இத்தனை சாமான் ஒரு சின்ன ஊருக்கு எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் எதை எடுப்பது, எதை விடுவது என்று பிடிபடும். காரைக்குடியைச் சுற்றிய செட்டிநாட்டின் நகரத்தார், அதாவது செட்டியார்கள், கொண்டுவிற்கப் போன இடங்கள் இலங்கை, பர்மா, மலாயா, சைகோன். அவற்றில் பர்மாதான் பெரும்பணம் தந்தது. பிரிட்டிஷார் 1852இல் கீழ் பர்மாவைப் பிடித்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐராவதி டெல்டாவின் அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. காட்டை அழித்து வயலாக்கிய விவசாயிக்குக் கடன் கொடுத்தவர்கள் செட்டியார்கள். அந்த லாபம் தேக்கு மரமாகவும், பெல்ஜியம் கண்ணாடியாகவும், இத்தாலிச் சலவைக்கல்லாகவும், ஜப்பான் பூ ஓடாகவும் கப்பலேறி இந்த வறண்ட செம்மண் பூமிக்கு வந்து சேர்ந்தது.

பிறகு 1930களின் பொருளாதார மந்தம். அரிசி விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை, அதற்கு ஈடாக நிலம் வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1938இல் அது 25 பங்கு. விற்க முடியாத நிலம் அது. 1942இல் ஜப்பானியர் நுழைந்ததும் ஆயிரக்கணக்கானோர் கால்நடையாக இந்தியாவுக்குத் திரும்பினார்கள். பர்மாவின் விடுதலைக்குப்பின் 1948இல் அங்கே வந்த நிலச் சட்டம் மிச்சத்தையும் முடித்துவைத்தது. கூட்டுக் குடும்பத்துக்கென்று தெருவுக்குத் தெரு நீளத்தில் கட்டிய வீடுகள் மட்டும் இங்கே நின்றன. தலைமுறைக்குத் தலைமுறை பங்கு பிரிந்து, ஒரு வீட்டுக்குப் பல பத்துப் பங்குதாரர்கள் ஆனார்கள். ஓடு மாற்ற எல்லாரும் சேர்ந்து பணம் போட வேண்டும், எல்லாரும் ஒரே ஊரில் இல்லை. ஒழுகிய வீடுகளின் சாமான்கள் முதலில் வெளியே வந்தன. அடுத்து கதவும் நிலையும். கடைசியில் வீடே.

இன்னொரு ஊற்றுக்கண் கல்யாணச் சீர். நகரத்தார் கல்யாணத்தில் பெண் வீட்டார் கொடுக்கும் பொருள்களை எல்லாரும் பார்க்கும்படி வரிசையாக வைப்பதற்குச் சாமான் பரப்புதல் என்று பெயர். பெண் பிறந்ததிலிருந்து சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். அண்டா, குடம், தூக்கு, எனாமல் கோப்பை, ஓலைக் கொட்டான், கண்ணாடிச் சாமான் என்று ஒரு கடையே பெண்ணோடு போகும். அத்தனையையும் ஒரு குடும்பம் ஆயுள் முழுதும் பயன்படுத்தித் தீர்க்க முடியாது. பாதி சாமான் பரப்பிய அன்றோடு அறைக்குள் போய் அப்படியே இருந்துவிட்டது. ஆகவே இந்தத் தெருவில் கிடைக்கும் பழைய பொருள் இரண்டு இனம். தேய்ந்து தேய்ந்து மெருகேறியது ஓர் இனம். எண்பது ஆண்டாகியும் நெருப்பே பார்க்காதது மற்றோர் இனம். இரண்டாம் இனத்தைப் பார்த்துப் புது மோஸ்தர் போலி என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு, முதல் இனத்தைக் கழிசடை என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. இரண்டு பேருக்குமே இழப்புதான்.

மரச் சாமானுக்கு வருகிறேன். இந்தத் தெருவில் நான் அதிக நேரம் நிற்பது அங்கேதான்.

நாற்காலியை வாங்குவதற்கு முன் உட்கார்ந்து பார்ப்பது எல்லாரும் செய்வது. அதற்கும் முன்னால் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். மேற்பக்கம் எத்தனை முறை வேண்டுமானாலும் பாலிஷ் கண்டிருக்கலாம். அடிப்பக்கத்துக்கு யாரும் பாலிஷ் போடுவதில்லை, பொய் சொல்லத் தெரியாத இடம் அது. கையால் இழைத்த பலகையின் அடியில் விரலை ஓட்டினால் மெல்லிய அலை தட்டுப்படும். இழைப்புளி போன தடம். இயந்திரத்தில் இழைத்தது தட்டையாக வழுக்கிக்கொண்டு போகும். பழைய தேக்கு அடியில் தேன் நிறமும் தூசியின் சாம்பலும் கலந்து வறண்டிருக்கும். நகத்தால் லேசாகச் சுரண்டினால் எண்ணெய்ப் பசையோடு தோல் வாசனை போல ஒன்று எழும். நூறு ஆண்டு ஆனாலும் பர்மா தேக்கில் அந்த வாசனை போவதில்லை. மரத்திலேயே ஊறிய அந்த எண்ணெய்தான் கரையானையும் ஈரத்தையும் தள்ளி வைக்கிறது. எங்காவது அரித்திருந்தால் கவனித்துப் பாருங்கள், அரிப்பு பெரும்பாலும் பலகையின் வெளிறிய ஓரத்தோடு நின்றிருக்கும். வைரம் பாய்ந்த நடுப்பகுதியைச் செல் தொடுவது அரிது.

அடுத்தது பொருத்து. கழுந்தும் துளையும் கச்சிதமாக இறங்கி, மேலே ஒரு மர ஆணியோ மூங்கில் ஆணியோ குத்தி நிற்கும் நாற்காலி, பசை வற்றிப்போனாலும் ஆடாது. ஆடினாலும் ஆசாரி ஒரு மணி நேரத்தில் இறுக்கிவிடுவார். இழுப்பறையை முழுதாக வெளியே எடுங்கள். முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில் விசிறி வடிவப் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். கையால் அறுத்ததில் பல்லுக்குப் பல் அகலம் சற்றே மாறும், கோடு கிழித்த ஊசியின் தடம்கூடச் சில சமயம் தெரியும். எல்லாப் பல்லும் ஒரே அளவென்றால் அது இயந்திரம். இழுப்பறை ஓடும் அடிச்சட்டம் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அறுபது எழுபது ஆண்டு இழுத்துத் தள்ளிய இழுப்பறை அடியில் பள்ளம் விழாமல் இருக்காது.

திருகாணியும் காலம் சொல்லும். நான்கு மூலை கொண்ட ஸ்டார் ஸ்க்ரூ 1930களின் நடுவில்தான் உலகச் சந்தைக்கே வந்தது. நூற்றிருபது ஆண்டுப் பீரோ என்று சொல்லிக் காட்டும் பீரோவின் கீலில் ஸ்டார் ஸ்க்ரூ இருந்தால், ஒன்று கீல் மாற்றியிருக்கிறார்கள், அல்லது சொன்ன வயது தவறு. எதுவென்று அறிய, கீலின் கீழே பழைய துளைகளின் அடையாளம் இருக்கிறதா என்று டார்ச்சு அடித்துப் பாருங்கள்.

வட்ட மேசைக்கு ஓர் அருமையான சோதனை உண்டு. மரம் காய்கையில் இழையின் நீளவாட்டில் சுருங்காது, குறுக்குவாட்டில்தான் சுருங்கும். எனவே பழைய வட்ட மேசை துல்லியமான வட்டமாக இருக்க முடியாது. அளவு நாடாவை எடுத்து இழையோடு ஒரு முறையும் குறுக்கே ஒரு முறையும் அளந்தால் சில மில்லிமீட்டராவது வேறுபடும். கடைக்காரர்கள் இந்தச் சோதனையைப் பார்த்துச் சிரிப்பதில்லை. அளக்கிறவரிடம் அதன்பிறகு அவர்கள் பேசும் பேச்சே வேறாகிவிடும். "அண்ணே, உள்ள ஒரு உருப்படி இருக்கு, வாங்க காட்டுறேன்" என்று பின்கட்டைத் திறப்பார்கள்.

பிரம்புப் பின்னலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கையால் பின்னிய இருக்கையில் சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளைகள் இருக்கும். ஒவ்வொரு பிரம்பு நாரும் ஒரு துளையில் இறங்கி அடுத்ததில் ஏறும். நெடுக்கே, குறுக்கே, இரண்டு மூலைவாட்டில் என்று அடுக்கடுக்காகப் போட்டு எட்டுமூலைக் கண்களாக விழும் பின்னல் அது. ஆயத்தப் பின்னலில் துளைகள் கிடையாது. தாள் போல் வந்த பிரம்புப் பாயை ஒரு காடியில் வைத்து அழுத்தி, மேலே கட்டை அடித்திருப்பார்கள். பின்னல் கிழிந்த பழைய நாற்காலியைக் கண்டு பயப்படாதீர்கள். துளைகள் சேதமில்லாமல் இருந்தால் மறுபடி பின்னிக்கொள்ளலாம். கிழிந்ததையே வாங்கச் சொல்வேன், விலை குறையும், சட்டத்தின் நிஜமும் தெரியும். துளைகளை மரத்தூள் வைத்து அடைத்து, மேலே பிளைவுட் அறைந்த நாற்காலிகள்தான் வருத்தம் தருபவை. அவற்றையும் மீட்கலாம், பொறுமை வேண்டும்.

தேய்மானம் எங்கே இருக்கிறது என்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய இன்பம். நீண்ட கை வைத்த சாய்வு நாற்காலியில் உள்ளங்கை படும் இடம் மட்டும் கறுத்துப் பளபளக்கும். பெஞ்சின் கீழ்ச்சட்டத்தில் குதிகால் ஊன்றிய இடம் குழிந்திருக்கும். ஊஞ்சல் பலகையில் சங்கிலிக்குப் பக்கத்தில், ஏறும்போது பிடிக்கும் ஓரம் மழுங்கியிருக்கும். உடம்பு எங்கே பட்டதோ அங்கேதான் மரம் தேயும். போலியாகத் தேய்ப்பவர்கள் உப்புத்தாளை எல்லா விளிம்பிலும் ஒரே சீராக ஓட்டிவிடுகிறார்கள், யாருமே கை வைக்காத பின்காலின் பின்புறம்கூடத் தேய்ந்திருக்கும். பழைய மரத்தில் புது வேலை என்று வெளிப்படையாகச் சொல்லி விற்கும் கடைகளும் இதே தெருவில் உள்ளன. இடிந்த வீட்டு உத்தரத்தில் செய்த மேசை அது. அதில் குறையொன்றும் இல்லை, நல்ல தேக்கு, நல்ல தச்சு. பழைய மேசையின் விலையை மட்டும் அதற்குக் கொடுக்காதீர்கள்.

இந்தத் தெருவில் நான் மிகவும் மதிக்கும் பொருள் கணக்கு மேசை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதும் உயரம். சரிந்த மூடி, மூடிக்குக் கீழே பேரேடும் பத்திரமும் வைக்கும் அறை, மேல்விளிம்பில் மைக்கூட்டுக்கும் பேனாவுக்கும் குடைந்த பள்ளம். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி எனப்பட்ட செட்டியார் வணிகக் கூடங்களில் ஒவ்வொரு லேவாதேவிக்காரரின் தொழிலும் இப்படி ஒரு சிறு மேசையிலும் ஒரு பெட்டியிலும் அடங்கியிருந்தது. பகலில் அதுவே அலுவலகம், இரவில் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுக்கை. ஊரிலிருந்து வந்த சிறுவன் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகு முதலாளியாகும் வரைக்கும் இந்த மேசைதான் பள்ளிக்கூடம். ஒரு பேரரசின் அரிசி வணிகத்துக்குக் கடன் எழுதிய சாமான் இவ்வளவு சிறியது, இவ்வளவு அலங்காரமற்றது என்பது எனக்கு இன்றும் வியப்பு. நல்ல கணக்கு மேசையில் செதுக்கு வேலை ஏறக்குறைய இருக்காது. சரிவு மணிக்கட்டுக்குச் சரியாக இருக்கும், மூடி சத்தமில்லாமல் இறங்கும், பித்தளைக் கீல் பலகையோடு பலகையாகப் படிந்திருக்கும். மடிக்கணினி வைத்து வேலை பார்ப்பவர்களுக்கு அந்தச் சரிவு இப்போதும் பொருந்துகிறது.

பெட்டகம் இதற்கு நேர்மாறு, உருவத்தால் மிரட்டுவது. அடியில் சக்கரம் வைத்த கனத்த மரப்பெட்டி, மேலே பித்தளைக் குமிழ்கள், எளிதில் கண்டுபிடிக்க முடியாத சாவித்துளை. நாள்பட்ட பூட்டு வேலை செய்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சாவி இல்லாவிட்டாலும் பூட்டுவேலை தெரிந்தவர் செய்து தருவார். பூட்டையே கழற்றிவிட்டுப் புதுக் கொக்கி மாட்டிய பெட்டகம் எனக்கு உயிர் போன பொருள்.

பாலிஷைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்து மெருகு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பஞ்சு உருண்டையால் நூறு முறை தேய்த்து ஏற்றியது. அடியில் மறைவான இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்தால் நிறம் ஒட்டிக்கொண்டு வரும். மெலமைன் பூச்சில் வராது. பழைய அரக்கு மெருகின் மேல் மெலமைன் அடித்துப் பளிச்சென்று நிறுத்தியிருக்கும் நாற்காலிகளைவிட, தூசி படிந்து மங்கிக் கிடப்பதையே எடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஈரத்துணியால் துடைத்து, சிறிது மெழுகு தேய்த்தால் போதும்.

சின்னச் சாமான்களில் எனாமலை முதலில் சொல்ல வேண்டும். இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடித் தூளை உருக்கி ஒட்டிய பாத்திரம். கவிழ்த்தால் அடியில் முத்திரை இருக்கும்: ஸ்வீடனின் கோக்கும்ஸ், செக்கோஸ்லோவாகியா, ஆஸ்திரியா, ஜப்பான். பாலாடை நிறத்தில் பச்சை விளிம்பு, அடிவானம் போல் நீலம் மெல்ல வெளுத்துப் போகும் தூக்கு, நான்கைந்து அடுக்குக் கேரியர். சாமான் பரப்பிய அன்றோடு பெட்டிக்குள் போனவை இவற்றில்தான் அதிகம். விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தால் பாதகமில்லை. உட்புறம் பெயர்ந்ததில் மட்டும் உணவு வைக்க வேண்டாம். பித்தளை வாங்கினால் சமைக்குமுன் வெள்ளீயம் பூச வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

பர்மா அரக்குச் சாமானைப் பலர் பிளாஸ்டிக் என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். பகானைச் சுற்றிய ஊர்களின் கலை அது. மெல்லிய மூங்கில் சிம்பை வட்டமாகப் பின்னி, மரத்துப் பாலை அடுக்கடுக்காகப் பூசிக் காயவைத்து, ஊசியால் கீறி, கீறலில் சிவப்பும் பச்சையும் நிரப்புவார்கள். மிக உயர்ந்த வேலையில் மூங்கிலோடு குதிரை மயிரையும் சேர்த்துப் பின்னுவார்கள். அப்படிப்பட்ட கிண்ணத்தின் வாயை இரண்டு பக்கமும் அழுத்தினால் உடையாமல் வளையும். அந்தச் சோதனையை நீங்கள் செய்யாதீர்கள், கடைக்காரரைச் செய்யச் சொல்லுங்கள்.

ரவிவர்மா படங்களுக்கு ஒரு பூதக்கண்ணாடி போதும். அவருடைய அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கியது, பின்னர் லோனாவலாவுக்கு அருகிலுள்ள மளவ்லிக்கு மாறியது, 1901இல் ஜெர்மானியத் தொழில்நுட்பர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷரின் கைக்குப் போனது, 1972இல் தீயில் அழிந்தது. கல்லச்சில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கையால் வைத்த புள்ளிகள் ஒழுங்கில்லாமல் அடர்ந்தும் கலைந்தும் இருக்கும். இக்கால ஆஃப்செட் அச்சில் புள்ளிகள் அணிவகுத்து நிற்கும். செட்டிநாட்டு வீடுகளில் லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் சேலை பாகத்தில் துணியும் சரிகையும் சமிக்கியும் ஒட்டி அலங்கரித்திருப்பார்கள். சந்தை விலையில் அது குறையா நிறையா என்று விவாதிக்கிறார்கள். எனக்கு அதில் ஐயமே இல்லை. அச்சகம் ஆயிரமாயிரமாக ஒரே படத்தைத் தந்தது, இந்த ஊர்ப் பெண்கள் அதை வேறெங்கும் இல்லாத ஒற்றைப் படமாக மாற்றினார்கள். அலங்கரித்ததைத்தான் தேடி வாங்க வேண்டும்.

இனித் துணி. பழைய நாற்காலி நூறு கிடைக்கும் தெருவில் பழைய சேலை ஒன்று கிடைப்பது பாடு. காரணம் தெளிவானது. நம் வீடுகளில் பருத்திச் சேலை முழு ஆயுளையும் வாழ்ந்துவிட்டுத்தான் போகும். வெளியே கட்டி, வீட்டில் கட்டி, பிள்ளைக்குத் தூளியாகி, தலையணை உறையாகி, கடைசியில் அடுப்படிப் பிடிதுணியாகும். எஞ்சியது பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் என்று கூவி வருபவரிடம் போய்விடும். பட்டுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. பழைய பட்டில் வெள்ளிச் சரிகை இருக்கிறது. சேலையை எடைபோட்டு வாங்கி, எரித்து, வெள்ளியைப் பிரித்தெடுத்துவிடுகிறார்கள். எத்தனை கரைகள், எத்தனை முந்திகள் அப்படிச் சாம்பலாயின என்பதை எண்ணினால் மனம் ஆறுவதில்லை. அயலார் உடுத்திய துணியை உடுத்தக் கூடாது என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. அடுத்த வீட்டு அண்டாவை வாங்கத் தயங்காதவர்கள் சேலை என்றதும் கையை இழுத்துக்கொள்கிறார்கள். துவைத்தால் போகாத தீட்டு எது இருக்கிறது?

தப்பிப் பிழைத்தவற்றில் தலையாயது கண்டாங்கி. காரைக்குடிப் பகுதியின் தேவாங்கர் நெசவாளர்கள் நகரத்தார் வீட்டுப் பெண்களான ஆச்சிமார்களுக்காக நெய்த பருத்திச் சேலை. தடித்த நூல், பெரிய கட்டம் அல்லது கோடு, அகன்ற கரை. அரக்கு, மஞ்சள், கறுப்பு, இலைப்பச்சை. இரண்டு நிறத்தை நேருக்கு நேர் மோதவிட்டு, நடுவில் சமாதானத்துக்கு ஒரு மூன்றாம் நிறம்கூட வைக்காத துணிச்சல் அதில் உண்டு. பின்கொசுவம் வைத்து, கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிய சேலை. வீட்டு வேலைக்கு அந்தக் கட்டு, அந்தக் கட்டுக்கு அந்தத் தடிமன். 2019இல் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பழைய கண்டாங்கி எங்காவது பெட்டிக்கடியில் அகப்பட்டால் விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இற்றுப்போவது மடிப்பில்தான் தொடங்கும், அங்கே கோடுகோடாக வெளிச்சம் கசிந்தால் கட்ட முடியாது. சட்டமிட்டு வைக்கலாம், அல்லது நல்ல பாகத்தை வெட்டி மெத்தை விரிப்பாக்கலாம். பழைய பட்டென்றால் சரிகையின் ஒரு நுனியைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல் சரிகை. வெள்ளையோ மஞ்சளோ தெரிந்தால் பிற்கால மலிவுச் சரிகை. சரிகை கறுத்திருப்பது குற்றமில்லை, வெள்ளி கறுக்கத்தான் செய்யும். துவைக்கப் பூந்திக்கொட்டைத் தண்ணீர் போதும். வைக்கும்போது வசம்புத் துண்டு ஒன்றைப் போட்டு, இரண்டு மாதத்துக்கொரு முறை மடிப்பை மாற்றி மடியுங்கள். சேலை அகப்படாவிட்டால் தறிக்காரர்களைத் தேடிப் போங்கள். பழைய சேலையின் துண்டு ஒன்றைக் காட்டி அதே கட்டத்தில் நெய்து கேட்பது, பழையதை வாங்குவதைவிடக்கூட நல்ல காரியம் என்பேன்.

தூண்களையும் கதவுகளையும் பற்றி நான் தொடக்கத்தில் சொன்னதற்கு இப்போது காரணம் சொல்ல வேண்டும். ஒரு நாற்காலி வீட்டைவிட்டு வெளியே வந்தாலும் நாற்காலிதான். நிலையும் தூணும் அப்படியல்ல, அவை வந்துவிட்டால் அங்கே வீடு இல்லை. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. அந்த ஊர்களிலேயே ஒரு வீடு இடிகிறபோது அதன் முகப்பு தூண் தூணாக லாரி ஏறுகிறது. விலை கிடைக்கும் என்பதால் வேகமாக இடிகிற வீடுகளும் உண்டு. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பெயர்த்துக் கொண்டுவந்து வீடாகவே நிறுத்தியிருக்கிறார்கள். அதை மனதார வரவேற்கிறேன். ஓர் உணவக வாசலில் ஜோடி தவறிய இரண்டு தூண்கள் நிற்பதில் எனக்கு மகிழ்ச்சியில்லை.

சட்டத்தையும் அறிந்து வாங்குங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கலைப்பொருள் தொல்பொருள் ஆகிறது, சுவடிகளுக்கு 75 ஆண்டு. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, விற்பவருக்கு உரிமம் வேண்டும். பழைய உலோகச் சாமி சிலையை யார் காட்டினாலும் விலை கேட்காமல் வெளியே வந்துவிடுங்கள். அது ஏதோ ஒரு கோயிலின் சொத்தாக இருக்கலாம்.

பேரம் பேசுவது இங்கே ஒரு மரியாதை. முதல் பொருளிலேயே தொடங்காதீர்கள். நான்கைந்து உருப்படி எடுத்து ஒன்றாக வையுங்கள், "எல்லாம் சேத்து சொல்லுங்கண்ணே" என்று கேளுங்கள். பொருளைக் குறை சொல்லி விலையைக் குறைப்பது இந்தத் தெருவில் எடுபடாது, தெரிந்து ரசிப்பவருக்குத்தான் குறைப்பார்கள். எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது என்று கேளுங்கள். கானாடுகாத்தானா, தேவகோட்டையா, பள்ளத்தூரா. குடும்பப் பெயர் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஊர் சொல்வார்கள். அண்டாவின் கழுத்தில் பொறித்த தலைப்பெழுத்தை அழிக்கச் சொல்லாதீர்கள், அது யாரோ ஓர் ஆச்சியின் சீர்.

போகிறவர்கள் ஒரு டார்ச்சும் அளவு நாடாவும் சிறு பூதக்கண்ணாடியும் எடுத்துச் செல்லுங்கள். தூணையும் கதவையும் விட்டுவிடுங்கள். நாற்காலி வாங்கினால் தினமும் உட்காருங்கள், கணக்கு மேசை வாங்கினால் அதில் எழுதுங்கள், கண்டாங்கி கிடைத்தால் கட்டுங்கள். உங்கள் வீட்டிலேயே பாட்டியின் சேலை ஏதாவது பெட்டியில் கிடந்தால், எடைக்குப் போடுமுன் ஒரு முறை விரித்துப் பாருங்கள்.